செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

2025 நவம்பரில் இந்தியாவைப் பற்றிய தன் ஆண்டு மதிப்பீட்டை வெளியிட்ட சர்வதேச நாணய நிதியம், நம் தேசியக் கணக்குகளின் தரத்துக்கு ‘சி’ கொடுத்தது. நான்கு படிகளில் அது கீழிருந்து இரண்டாவது. எதிர்க்கட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அடிப்படை ஆண்டு பழையதாகிவிட்டது, புதிய தொடர் வந்தால் சரியாகிவிடும் என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. ஓசை அதோடு அடங்கியது. ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று 2019 ஜூனிலேயே எண்களோடு எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் வெளியாள் அல்லர். 2014 அக்டோபரிலிருந்து 2018இன் நடுப்பகுதிவரை இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன்.

2011-12க்கும் 2016-17க்கும் இடையில் நாட்டின் ஆண்டு வளர்ச்சி ஏழு விழுக்காடு என்று அரசு சொல்கிறது, உண்மையில் அது நாலரை விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்திருக்கும் என்பது அவர் ஆய்வின் முடிவு. அந்தக் காலத்தில் ஏறக்குறையப் பாதி அவர் நிதியமைச்சகம் இருந்த நார்த் பிளாக்கில் அமர்ந்திருந்தார். பதவியில் இருந்தபோது அடக்கி வாசித்ததைப் பதவி முடிந்தபின் உரக்கப் பாடுவது அறமாகுமா என்பதே கேள்வி. ஆகாது. பொதுமக்கள் பணத்தில் சம்பளம் வாங்கும் அறிஞருக்கு இரண்டு வழிகளே உண்டு. இருக்கும்போதே சொல்ல வேண்டும், அல்லது வெளியே வந்து அப்போதே சொல்ல வேண்டும். ஊருக்குப் பயன்படும் நேரம் கடந்தபின் வரும் உண்மை, சொன்னவரின் புகழுக்குப் பயன்படலாம்.

அவருடைய புலமையைக் குறைத்துப் பேசுவது நோக்கமல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு, உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் காட் வணிக ஒப்பந்த அமைப்பில் பணி, பிறகு சர்வதேச நாணய நிதியம், வாஷிங்டனின் பீட்டர்சன் நிறுவனம் என்று நீண்ட பாதை அவருடையது. இந்தியாவின் வளர்ச்சி வேகமெடுத்தது 1991இல் அல்ல, 1980களிலேயே என்று டானி ராட்ரிக்குடன் சேர்ந்து அவர் வாதிட்ட கட்டுரையை இன்றும் பொருளாதார மாணவர்கள் படிக்கிறார்கள். நிதியமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும், யாரும் புரட்டிப் பார்க்காத பொருளாதார ஆய்வறிக்கையைப் பலரும் வாங்கிப் படிக்கும் நூலாக மாற்றியதும் அவர்தான். ஜன்தன், ஆதார், கைபேசி மூன்றையும் இணைத்து மானியத்தை நேரே கொடுக்கலாம் என்ற யோசனையை அந்த அறிக்கை பரப்பியது. அனைவருக்குமான அடிப்படை வருமானம் பற்றி ஒரு முழு அத்தியாயமே வந்தது. இத்தனை சொல்வளம் கொண்டவர் என்பதால்தான் அவருடைய மௌனம் உறுத்துகிறது. பேசத் தெரியாதவரை யார் குறை சொல்லப்போகிறார்கள்?

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் அவை 86 விழுக்காடு. சனிக்கிழமை தோறும் ரொக்கமாகக் கூலி கொடுத்துப் பழகிய திருப்பூர் ஜாப்ஒர்க் யூனிட்டுகளுக்கு அந்த இரவு என்னவாக விடிந்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஜனவரி 31 அன்று வந்த ஆய்வறிக்கை, இதனால் வளர்ச்சி கால் முதல் அரை விழுக்காட்டுப் புள்ளிவரை குறையலாம் என்றது. முறைசாராத் துறையின் பாதிப்பு அரசுக் கணக்கில் முழுதாகத் தெரியாமல் போகும் என்றும் அளந்த சொற்களில் குறிப்பிட்டது. 2018 இறுதியில், பதவி முடிந்த சில மாதங்களில் வெளியான அவருடைய நூலில்தான் அந்த நடவடிக்கை கொடுமையான பண அதிர்ச்சி என்று வருணிக்கப்பட்டது. நோட்டுகள் முடக்கப்படுவதற்கு முந்தைய ஆறு காலாண்டுகளில் சராசரியாக 8 விழுக்காடாக இருந்த வளர்ச்சி, பிந்தைய ஏழு காலாண்டுகளில் 6.8 ஆனது என்ற கணக்கும் அதில் வந்தது. அதற்குள் ரிசர்வ் வங்கி தன் எண்ணிக்கையை முடித்திருந்தது. முடக்கப்பட்ட பணத்தில் 99.3 விழுக்காடு வங்கிகளுக்கே திரும்பியிருந்தது. முடிவெடுத்தவர் சுப்பிரமணியன் அல்லர். ஆனால் நாட்டின் கணக்கைப் படித்துச் சொல்வதற்கென்று நியமிக்கப்பட்டவர் அவர்.

வளர்ச்சிக் கணக்கின் கதையும் இப்படித்தான். 2015 ஜனவரியில் புதிய தொடர் வந்தபோது, 2013-14இன் வளர்ச்சி 4.7 விழுக்காட்டிலிருந்து ஒரே இரவில் 6.9 ஆனது. கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவான பெரிய நிறுவனங்களின் தரவு கணக்கிற்குள் வந்தது. சிறு பட்டறைகளும் தெருக்கடைகளும் எப்படி இருக்கின்றன என்று ஆண்டுதோறும் அளக்க வழியில்லாததால், பெரிய நிறுவனங்களின் போக்கை வைத்தே அவற்றையும் ஊகித்தார்கள். கச்சா எண்ணெய் விலை சரிந்த ஆண்டுகளில், உற்பத்திப் பொருளின் விலையையும் மூலப்பொருளின் விலையையும் தனித்தனியே கழிக்காமல் விட்டதால் லாபம் ஏறியது வளர்ச்சியாகத் தெரிந்தது. இதெல்லாம் அறிஞர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் நுட்பச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ஏழு விழுக்காடு என்று நம்பினால் வட்டியைக் குறைக்க அவசரம் இராது, வேலை இல்லை என்று சொல்லும் இளைஞனின் குரல் மிகைப்படுத்தலாகக் கேட்கும். தவறான எண் தவறான கொள்கையைப் பெற்றெடுக்கிறது என்று சுப்பிரமணியனே 2019இல் வாதிட்டார். அந்த வாதம் சரியென்றால், அது 2015இலும் சரிதானே?

நம் மரபு இதில் தயங்கியதே இல்லை. பாண்டியன் அறிவுடைநம்பியின் வரிக்கொள்கை பிழையாகப் போனபோது பிசிராந்தையார் நேரே போனார். சிறு நிலத்தின் விளைச்சலையும் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் புகுந்தால் தின்றதைவிட மிதித்தது அதிகமாகும் என்று வரி விதிக்கும் முறையை முகத்துக்கு நேராக விளக்கினார். நிதி ஆலோசனை என்பது அதுதான். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம், உன் வெற்றியெல்லாம் உழவரின் கலப்பையிலிருந்து வருகிறது என்று நினைவூட்டி, நிலவரி பாக்கியைத் தள்ளுபடி செய்யவைத்துத் திரும்பினார். மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முனைந்த மன்னன் முன்னால் கோவூர் கிழார் நின்றார். குழந்தைகள் மிதிபட்டபின் அவர் உருக்கமான கையறுநிலைப் பாட்டு ஒன்று எழுதியிருந்தால் அதுவும் நல்ல இலக்கியமாகியிருக்கும். பிள்ளைகள் பிழைத்திருக்க மாட்டார்கள்.

வள்ளுவர் இதைக் கடமை என்றே வகுத்துவிட்டார். இடித்துரைப்பவர் இல்லாத அரசன் கெடுவதற்குப் பகைவர் தேவையில்லை என்று பெரியாரைத் துணைக்கோடலில் சொன்னவர், அமைச்சு அதிகாரத்தில் ஒரு படி மேலே போகிறார். மன்னன் தானும் அறியாதவனாய், அறிந்தவர் சொல்லையும் தள்ளுபவனாய் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் உறுதியானதைச் சொல்லியே தீர வேண்டும் என்கிறார். பக்கத்தில் இருப்பவர் என்பது கவனிக்கத் தக்கது, விலகிப் போனவரை அவர் பேசவில்லை. சிலம்பிலோ அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாததன் விலை முழுதாகத் தெரிகிறது. பொற்கொல்லன் தந்த ஒரே ஒரு தகவலைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நெடுஞ்செழியனிடம் சொல்ல ஆளில்லை. ஓர் உயிரும் ஓர் அரசனும் ஒரு நகரமும் போயின.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆலோசகர் சொல்வதெல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வந்தால் எந்த அமைச்சரும் மனம் திறந்து பேச மாட்டார், ரகசியம் காப்பதும் ஒரு நெறி என்பார்கள். அரசனிடம் தீக்காய்வார் போல் இருக்கச் சொன்னதும் வள்ளுவர்தான். உண்மையே. ஆனால் அது அவையில் பழகும் முறை, அறத்தின் எல்லை அன்று.

உள்ளே சொன்னேன், அது போதாதா என்பதே இன்னொரு சமாதானம். சுப்பிரமணியனும் அதைச் சொன்னார். அரசுக்குள் அடிக்கடி ஐயத்தை எழுப்பியதாகவும், முழு ஆய்வைச் செய்ய வெளியே கிடைத்த நேரமும் இடமும் தேவைப்பட்டதாகவும் 2019இல் எழுதினார். கம்பராமாயணத்தில் இந்தச் சமாதானத்துக்கு ஒரு முகம் உண்டு. மாரீசன் இராவணனுக்குச் சொன்ன அறிவுரையில் குறையே கிடையாது. பிறன் மனையை நாடாதே, குலம் அழியும் என்று தெளிவாகச் சொன்னான். பிறகு எழுந்துபோய்ப் பொன்மான் ஆனான். அவனுக்காவது எதிரே வாளின் மிரட்டல் இருந்தது. இன்றைய ஆலோசகர் இழப்பது டெல்லியில் ஒரு பங்களாவை.

2016 நவம்பர் 8 மாலை ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழு கூடியது. கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக அல்ல, நிலமாகவும் தங்கமாகவும் இருக்கிறது, இந்த ஆண்டு வளர்ச்சிக்கு இது தற்காலிகமாகக் கேடு என்று சில இயக்குநர்கள் அங்கே கூறினார்கள். பின் ஒப்புதல் அளித்தார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்புகள் நாட்டுக்குத் தெரியவந்தது 2019இல், அதுவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக. இரண்டே கால் ஆண்டுகள் அந்த ஐயம் ஒரு கோப்புக்குள் கிடந்தது. அதை எழுப்பியவர்களுக்கு மனச்சாட்சி தெளிவாக இருந்திருக்கலாம், வங்கி வரிசையில் நின்றவருக்கு அதனால் என்ன கிடைத்தது?

ரகுராம் ராஜனையும் இந்தக் கேள்வி விடாது. 2005இல் ஜாக்சன் ஹோலில், அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானைக் கொண்டாடக் கூடிய அவையிலேயே, புதிய நிதிக் கருவிகள் ஆபத்தைப் பெருக்குகின்றன என்று எழுந்து சொன்னவர் அவர். லாரி சம்மர்ஸ் அதைப் பழமைவாதம் என்று ஏளனம் செய்தார். மூன்று ஆண்டுகளில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. அவையஞ்சாமைக்கு நம் காலத்தில் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அதே ராஜன், ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, பணமதிப்பிழப்பு வேண்டாம் என்று 2016 பிப்ரவரியில் அரசிடம் வாய்மொழியாகச் சொன்னதை வெளியிட்டது 2017இல் வந்த தன் நூலில். விருந்தினராகச் சென்ற அவையில் எழுந்த குரல், சொந்த நாட்டில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது.

காத்திராதவர்களும் இருந்தார்கள். 2017-18க்கான வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு அறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்தபிறகும் அரசு அதை வெளியிடவில்லை. 2019 ஜனவரி இறுதியில் ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் பி.சி. மோகனனும், டெல்லி பொருளியல் பள்ளிப் பேராசிரியர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தது. அடுத்த சில நாள்களில் அறிக்கை பத்திரிகையில் கசிந்தது. வேலையின்மை 6.1 விழுக்காடு, 45 ஆண்டுகளில் இல்லாத உயர்வு. அரசு அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது மே 31இல், புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள். இந்த இருவரும் நூல் எழுதக் காத்திருக்கவில்லை, தலைப்புச் செய்தியாகும் உவமை எதையும் தேடவில்லை. வில்லிபாரதத்தில் விதுரன் அவையிலேயே வில்லை முறித்துப் போட்டதுபோல் விலகினார்கள். விதுரன் முறித்தது சினத்தில் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். பாஞ்சாலியை இழுத்துவந்த அவையில் தருமத்தின் நுட்பம் பேசிக்கொண்டிருந்த பீஷ்மரைவிட அந்தச் சினம் மேலானது.

இன்னொன்று. 2021 மார்ச்சில் அரசியல் சிந்தனையாளர் பிரதாப் பானு மேத்தா அசோகா பல்கலைக்கழகத்திலிருந்து விலகியபோது, அங்கே பேராசிரியராக இருந்த சுப்பிரமணியன் இரண்டே நாளில் தாமும் விலகினார். கல்விச் சுதந்திரத்துக்கு இடமில்லாமல் போனது தம்மை வருத்துவதாகக் கடிதமும் எழுதினார். மதிக்கத்தக்க செயல். எப்போது விலக வேண்டும், காரணத்தை எப்படி ஊரறியச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. ஒரு சக பேராசிரியருக்காக இரண்டு நாளில் எழுந்த கை, வங்கி வாசலில் நின்ற கோடிக்கணக்கானோருக்காக ஏன் எழவில்லை?

கும்பகருணனையும் கர்ணனையும் நாம் நெஞ்சாரப் போற்றுகிறோம், மேடைதோறும் கண் கலங்குகிறோம். அந்தப் போற்றுதலில்தான் நம் பிழையும் இருக்கிறது. இருவரும் சோறிட்ட கைக்குக் கடன் தீர்த்தார்கள். அன்று சோறிட்டவன் அரசன். இன்றைய ஆலோசகரின் சோறு தீப்பெட்டி வாங்குபவரும் டீசல் போடுபவரும் கட்டிய வரியிலிருந்து வருகிறது. அமைச்சர் வெறுமனே பரிமாறுகிறவர். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் சமன்பாடுகளோடு இதையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

தனி மனிதரின் துணிவை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அரசு நினைத்தால் வழி செய்யலாம். 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பரிசீலித்த பொருளாதார அறிஞர் குழுவில், குஜராத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. இல்லாத வளத்தை நம்பி, பற்றாக்குறை நிதியில் இவ்வளவு பெரிய திட்டம் போடக் கூடாது என்று மறுப்புக் குறிப்பு எழுதினார். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. அவருடைய சந்தைப் பொருளாதாரக் கொள்கையை ஏற்காதவர்களும் ஒன்றை ஏற்க வேண்டும். அந்தக் குறிப்பை அரசே தன் ஆவணத்தில் சேர்த்து அச்சிட்டது. ஏற்காத கருத்தை அச்சேற்றும் பெருந்தன்மை நேரு காலத்துத் திட்டக் குழுவுக்கு இருந்தது. ஆய்வறிக்கையின் இறுதியில் தலைமைப் பொருளாதார ஆலோசகர் தம் பெயரில், நிதியமைச்சகத்தின் கை படாமல், சில பக்கங்கள் எழுத இடம் தருவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். மாநிலங்களும் இதைச் செய்யலாம். 2021இல் தமிழ்நாடு முதலமைச்சருக்காக அமைக்கப்பட்ட பொருளாதார ஆலோசனைக் குழுவில் ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, ழான் திரேஸ், எஸ். நாராயண் ஆகியோரோடு அரவிந்த் சுப்பிரமணியனும் இடம்பெற்றார். இத்தகைய குழுக்களில் ஓர் உறுப்பினர் மாறுபட்டால், அந்த மாறுபாடு அதே ஆண்டு பட்ஜெட் கூட்டத்தொடரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், அவர் பதவியில் இருக்கும்போதே.