தூரமா, தடையா?

கடவுள் தொலைவில் இருப்பதால்தான் எட்டவில்லை என்கிறோம். அந்தத் துயரம் மெய்யானது. ஆனால் அதற்கு நாம் சொல்லும் காரணம் தவறு. ஓர் ஒப்புமை: சிறிய படகொன்றின் பின்முனையில் எஞ்சினை ஒட்டியிருக்கும் பேட்டரியை, பின்பாரம் குறைய, 4 மீட்டர் முன்னே நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே கூடுவது 8 மீட்டர் கேபிள். 35 சதுர மில்லிமீட்டர் செம்பானால், ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கையில் வழியில் கரைவது சுமார் 0.4 வோல்ட், எஞ்சின் கிளம்பிவிடும். பேட்டரியைப் பழைய இடத்திலேயே விட்டு, உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பூத்த ஒரு முனையைச் சுரண்டாமல் விடுங்கள். அந்த விரல்நுனி அளவு இடத்தில் 10 மில்லி ஓம் தடை சேர்ந்தாலே 1 வோல்ட் போய்விடும்.

நீளமும் தடைதானே என்று கேட்கலாம். ஆம், மறுக்கவில்லை; ஆனால் நீளத்துக்குத் தடித்த கம்பி ஈடு செய்யும், களிம்புக்குச் செய்யாது. கடவுளுக்கும் உயிருக்கும் இடையிலும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார், அந்த உறவைச் சொல்லும் அத்துவிதம் என்ற சொல்லுக்கு ‘ஒன்றே’ என்று பொருள் கொள்ளவில்லை. பிரிப்பின்மை என்றே கொண்டார். உயிரோடு பிரிவின்றி நிற்கும் இறைவனை உயிர் அறியாதது, ஆணவ மலம் என்னும் அழுக்கின் மறைப்பால். ஜடமான கம்பியை உயிருக்கு ஒப்பிடலாமா? முழுதும் ஒப்பாகாது: கம்பி தன் களிம்பைத் தானே உணராது, உயிரோ அருளால் உணரும்.