வலிமையும் வாய்மையும்

பழுதுபட்ட பொருளைச் செப்பனிடும்போது, அதனை இருந்தபடியே ஆக்குவதா, இருந்ததினும் மேலாக்குவதா என்னும் வினா எழுவது இயல்பு. கூரையை மாற்றத் தொடங்கியவன் கூடவே ஓர் அறையையும் கட்ட எண்ணுகிறான். மேன்மையை நாடுவது குற்றமன்று. ஆயினும், கூடிய வலிமையின் சுமையைத் தாங்குவது எது? அக்கூடுதலை அறிய வேண்டியவர் அறிந்தனரா? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறாத மேன்மை, அறத்தின்பாற் படாது. இதனை விளக்க ஒரு கார்ப் பொறியே போதும்.

பொறிகளைப் பிரித்துப் பூட்டும் தொழில் கிள்ளான் பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. நீராவி வண்டிகளின் காலத்தில் செந்தூல் இரயில்வே பட்டறை அத்தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் பலர் இரயில் துறையில் உழைத்தவர்கள். இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அத்தகைய கைத்திறனைக் கார்ப் பட்டறைகளில் காணலாம்.

1995ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் பெர்டானா காரில் மிட்சுபிஷியின் 4ஜி63 வகைப் பொறி இருந்தது. அதன் நான்கு சிலிண்டர்களும் 85 மில்லிமீட்டர் விட்டம் உடையவை. பிஸ்டன் ஒருமுறை ஏறும் தொலைவு 88 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 1997 கன சென்டிமீட்டர். இவ்வகைப் பொறி தேய்ந்து, பிரிக்கப்படும்போது, 100 மில்லிமீட்டர் ஏற்றம் தரும் கிராங்குத் தண்டையும் அதற்கேற்ற பிஸ்டன்களையும் பொருத்துவது உண்டு. இவ்வகைத் தொகுதியையே ‘ஸ்டிரோக்கர்’ என்பர். சிலிண்டரின் விட்டம் மாறாமலே கொள்ளளவு ஏறத்தாழ 2270 ஆகிவிடுகிறது. புறத்தே எந்த மாற்றமும் தெரியாது. அகத்தே எல்லாம் மாறிவிட்டது.

ஏற்றம் 12 மில்லிமீட்டர் கூடினால், பிஸ்டன் முன்னினும் 6 மில்லிமீட்டர் மேலே செல்ல முற்படும். அங்கே அதற்கு இடமில்லை. ஆகவே, பிஸ்டனில் ஊசி பொருந்தும் துளையை அந்த அளவுக்கு மேலே அமைக்க வேண்டும். அல்லது இணைப்புத் தண்டைக் குறுக்க வேண்டும். மிட்சுபிஷி நிறுவனம் 100 மில்லிமீட்டர் ஏற்றமுடைய 4ஜி64 பொறியைத் தானே செய்தபோது, சிலிண்டர் பாளத்தின் உயரத்தையே கூட்டியது. நிமிடத்திற்கு 6000 சுழற்சியில், பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.6 மீட்டரிலிருந்து 20 மீட்டராக உயர்கிறது. இணைப்புத் தண்டு மிகுதியாகச் சாய்வதால், சிலிண்டரின் சுவர்மீது பக்க அழுத்தமும் ஏறுகிறது. கிளட்சும் பற்சக்கரப் பெட்டியும் பிரேக்கும் இப்புதிய வலிமைக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஓர் உறுப்புக்குக் கிடைத்த வரம், பிற உறுப்புகளுக்குச் சுமையாகிறது.

திருக்குறளில் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் வண்டியின் அச்சு முறிவதும் பேசப்படுகிறது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அரசனுக்குக் கூறிய அந்நெறி பட்டறைக்கும் பொருந்தும். எவ்வளவு கூட்டலாம் என்று கேட்பவன், எவ்வளவு தாங்கும் என்றும் கேட்க வேண்டும்.

இனி இரண்டாம் வினா. மலேசியாவில் தனியார் கார்களின் சாலை வரி பொறியின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தீபகற்ப மலேசியாவில், 1997 கொள்ளளவுக்கு ஏறத்தாழ 380 ரிங்கிட். 2270 என்றால் 650 ரிங்கிட். கிராங்குத் தண்டு மாறினாலும் பாளத்தில் பொறித்த எண் மாறுவதில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையிடம் தெரிவித்து, சோதனைக்கு உட்படுத்தாதவரை, பதிவுச் சான்று பழைய அளவையே சொல்லிக்கொண்டிருக்கும். பெயர் ஒன்று, பொருள் வேறு என்றாகிவிடுகிறது.

“என் பணம், என் கார், இதனால் யாருக்கு என்ன தீங்கு?” என்று உரிமையாளர் கேட்கலாம். கார் அவருடையது, சாலை அவருடையதன்று. நாளை அதனை விலைக்கு வாங்குபவர், சான்றிலுள்ள அளவை நம்பியே வாங்குவார். காப்புறுதி நிறுவனமும் அந்த அளவைக் கொண்டே இடரை மதிப்பிடுகிறது. வேகத்துக்கேற்ற பிரேக்கு இல்லாத காரின் முன்னே, ஏதுமறியாத ஒரு மாணவன் சாலையைக் கடக்கக்கூடும். 270 ரிங்கிட்டை மிச்சப்படுத்திய மறைப்பின் விலையை அவன் கொடுக்க நேர்வது நீதியாகுமா?

பட்டறைத் தொழிலாளிக்கும் இதில் பங்குண்டு. கேட்டதைச் செய்து கூலி பெறுவதோடு அவர் கடமை முடிந்துவிடாது. தாங்கும் எல்லையை முன்கூட்டியே எடுத்துரைப்பதும், பிரேக்கைச் சீர்செய்யாமல் வண்டியை வெளியே விட மறுப்பதும், மாற்றத்தைப் பதிவு செய்யுமாறு வற்புறுத்துவதும் தொழிலறமே. திறமையைக் கூலிக்குத் தரலாம். மனச்சான்றை அவ்வாறு தரலாகாது.

வலிமையைத் துறக்குமாறு அறம் எவரையும் கேட்பதில்லை. கூட்டிய வலிமையைத் தாங்கும் உறுதியை முதலில் தேடு, பின்னர் அதனை ஒளிக்காமல் சொல் என்றே கேட்கிறது. பொறிக்கு மட்டுமன்று, கல்வியாலோ பதவியாலோ செல்வத்தாலோ திடீரென வலிமை பெறும் மனிதனுக்கும் அதுவே அளவுகோல்.