அருமையும் சிறுமையும்

தமிழில் 'அரியது' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. எளிதில் கிடைக்காதது என்பது ஒன்று. பெருமதிப்பு உடையது என்பது மற்றொன்று. எண்ணிக்கையில் குறைந்தது மதிப்பில் உயரும் என்ற கருத்து அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. ஆயின் அக்கருத்தை எல்லாவற்றுக்கும் நாம் ஒருபடித்தாகப் பொருத்துகின்றோமா? நம் நாட்டின் விலங்கினங்களையும் மக்களினங்களையும் அருகருகே வைத்துக் காணுங்கால் ஐயமே எழுகின்றது.

உலக நிலப்பரப்பில் 2.4 விழுக்காடே உடைய பாரதம், இதுவரை அறியப்பட்ட உயிரினங்களுள் ஏழெட்டு விழுக்காட்டைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அச்செல்வம் தேய்வதை உணர்ந்தபோது நாடு வாளாவிருக்கவில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு புலிகள் 1,827 தாம் எனக் கணக்கிடப்பட்டபோது பலரும் திடுக்கிட்டனர். மறு ஆண்டே புலிகள் காப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அத்தொகை 3,682 ஆக உயர்ந்திருந்தது. அற்றுப்போயிற்று என 1952இல் அறிவிக்கப்பட்ட சிவிங்கிப்புலியை மீண்டும் நம் மண்ணில் காண விழைந்து, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளை வானூர்தியில் கொணர்ந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டனர். இராசத்தானத்துப் புல்வெளிகளில் நூற்றைம்பது அளவிலேயே எஞ்சிய கானமயில், மின்கம்பிகளில் மோதி மடிகின்றது என்பதற்காக அக்கம்பிகளை நிலத்தடியில் கொண்டு செல்லுமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அவ்வாணை தளர்த்தப்பட்டுப் பொருள் வல்லுநர் குழுவிடம் சென்றது உண்மையே. எனினும் ஒரு பறவையின் பொருட்டு ஒரு நாட்டின் மின்சாரமே வழக்காடு மன்றம் ஏறியது சிறிய செய்தி அன்று.

இனி மக்களைக் காண்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம் தாய்மொழி என மக்கள் கூறிய பெயர்கள் 19,569. எழுத்து வேறுபாடுகளையும் ஊர்ப் பெயர்களையும் களைந்து 1,369 தாய்மொழிகளாகச் சுருக்கினர். அவற்றை மேலும் தொகுத்து 121 மொழிகளாக வெளியிட்டனர். அப்பட்டியலில் இடம்பெறப் பதினாயிரவர் வேண்டும். 1961இல் 1,652 தாய்மொழிகள் பட்டியலில் அச்சேறின. 1971 முதல் இந்த வரம்பு வந்தது. பதினாயிரத்துக்குக் குறைந்தோர் பேசுவன எல்லாம் 'இதர' என்ற ஒரே வரியில் ஒடுங்கின. பதிவேடுகளோடு காலங்கழிக்கும் நம்மனோர்க்கு அவ்வரியின் இயல்பு நன்கு தெரியும். எதற்குத் தலைப்பு இல்லையோ அது அங்கே போய்ச் சேரும். சேர்ந்தபின் எவரும் அதனைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

விலங்கு குறைந்தால் அதற்கெனத் தனிக் கோப்பு திறக்கின்றோம். மனிதர் குறைந்தால் இருந்த கோப்பையும் மூடுகின்றோம். இது எவ்வகை அறம்?

இம்முரணை ஒரே மலையில் காணலாம். நீலகிரியின் மேற்கு விளிம்பில் முக்குருத்தித் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. வரையாட்டின் நலம் கருதி உருவானது அது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை 2025இல் எண்ணியபோது மாநிலமெங்கும் 1,303 இருந்தன. அதே மலையில் தொன்றுதொட்டு எருமை மேய்த்து வாழ்வோர் தோடர். அவர்தம் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்ற பெயரிலேயே அம்மந்து ஒளிந்துள்ளது என்பர். அவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரவர். தமிழோடு குடும்ப உறவுடைய அவர்தம் மொழியின் ஒலிவளத்தைக் கண்டு வியந்த எமனோ என்னும் அறிஞர், அதற்கு 1984இல் விரிவான இலக்கண நூல் வெளியிட்டார். ஆயினும் நம் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் தோடர் மொழிக்கு வரி இல்லை. கோத்தர் மொழிக்கும் இல்லை. படகு மொழி பேசுவோர் இலக்கத்துக்கு மேற்பட்டோராயினும் அது கன்னடத்தின்கீழ் வைக்கப்பெற்றுள்ளது. தோடர் பெண்டிரின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தைக்கு வந்த பொருளுக்கேனும் பெயர் கிடைத்ததே என மகிழலாம் போலும்!

இவ்விரு இனங்களும் குறுகியதற்குக் காரணமும் பெரிதும் ஒன்றே என்பது நம் நெஞ்சை உறுத்துவது. சோலைகளுக்கு இடையே விரிந்த புல்வெளியை வெள்ளையர் தரிசு என்று எழுதினர். தோடருக்கு அது மேய்ச்சல் நிலம். கோயிற் கூரை வேயும் புல் விளையுமிடம். வரையாட்டுக்கு அதுவே வாழ்வு. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், விறகுக்கும் கூழுக்குமாகத் தைலமரமும் அங்கே நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் நடவு தொடர்ந்தது. தரிசு என்ற அச்சொல் ஆட்டையும் எருமையையும் ஒருங்கே விரட்டியது. இன்று அயல்மரங்களை அகற்றிப் புல்லை மீட்க முனைகின்றோம், வரையாட்டுக்காக என்கின்றோம்.

அவ்வாறாயின் மக்களையும் விலங்குகளைப் போலக் காக்க வேண்டும் என்கிறீர்களா என்று அன்பர் சிலர் வினவலாம். நியாயமான வினா. அந்தமான் நெடுஞ்சாலையில் செல்லும் பயணிகள் ஜாரவா மக்களைக் காட்சிப்பொருளாக்கிய செய்தி 2012இல் வெளிப்பட்டு நம்மைத் தலைகுனியச் செய்தது. காப்பகம் என்ற எண்ணத்தை மனிதர்மேல் ஏற்றினால் அவ்விடத்தில்தான் போய் முடியும். தோடர் மகன் ஒருவன் எருமையை விட்டுப் பொறியியல் பயில விரும்பினால், பழமை குலையும் என்று தடுக்க நமக்கு ஏது உரிமை? புலி தன் விருப்பத்தைச் சொல்லாது. ஆகவே அதற்காக நாம் எண்ணுகின்றோம், முடிவு செய்கின்றோம். மனிதரோ கேட்டால் சொல்வர். கேட்பது எத்தகைய ஆற்றல் உடையது என்பதை ஒடிசாவின் நியமகிரி காட்டிற்று. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி 2013இல் பன்னிரண்டு ஊர்களில் கிராமசபை கூடியது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று தொங்கிரியா கொந்தர் முதலிய மலைவாழ் மக்களிடம் கேட்டனர். பன்னிரண்டு சபைகளும் வேண்டாவென்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே தலைகளின் எண்ணிக்கையை எவரும் வரம்பாக வைக்கவில்லை.

கேட்பதற்குக் காலமும் எல்லை வகுத்துள்ளது. 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் என்னும் மூதாட்டி மறைந்தார். போ என்ற மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். தம் மொழியில் உரையாட ஆளின்றி அவர் பறவைகளோடு பேசியதுண்டு என்று மொழியியலார் அன்விதா அப்பி கூறியுள்ளார். அப்பறவைகளுக்கு அந்நாளிலும் சட்டத்தின் காவல் இருந்தது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இங்கே சிலர். மொழியாலோ 2011இன் கணக்குப்படி 6 கோடியே 90 இலட்சத்தவர். எனவே 'இதர' என்ற வரிக்குள் நாம் விழுவதில்லை. எருகலர் மொழியும் கைக்காடியும் தமிழ் என்ற தலைப்பின்கீழ் அடக்கப்பட்டு நம் தொகையைச் சற்றே கூட்டுகின்றன என்பதையும் மறத்தல் தகாது. இந்தியின் தலைப்பில் போஜ்புரி அடங்குவதைக் குறித்து நாம் சுடச்சுடப் பேசியதுண்டு. எருகலரைக் குறித்து நம் மேடைகளில் யாம் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் முதல் நாளைக் குறித்து 2025 ஜூனில் அறிவிக்கை வெளியாயிற்று. தாய்மொழி யாது என்ற வினா நம் வாயிலிலும் கேட்கப்படும். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நாம் தமிழ் என்று சொல்வோம், எழுதிக்கொள்வர். முக்குருத்திச் சாரலின் மந்துகளிலும் அவ்வினா கேட்கப்படும். அங்கே சொல்லப்படும் விடையையும் எழுதிக்கொள்வர். அது எந்த வரியில் அச்சாகும் என்பது அதன் பிறகே தெரியும்.