பிடி

நம் ஊரில் ஒருவன் சட்டையைப் பிடித்தால் சண்டை, காலைப் பிடித்தால் கெஞ்சல், கையைப் பிடித்தால் கல்யாணம். ஐஸ் ஹாக்கியில் சட்டையைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பனித்தளத்தில் வெறுமனே நின்று ஓங்கிக் குத்தினால், குத்திய வேகத்தில் குத்தியவனே வழுக்கிப் போவான். அதனால் ஒரு கையால் எதிராளியின் ஜெர்சியை இறுகப் பற்றிக்கொண்டு மறு கையால் குத்துகிறார்கள். எதிராளியும் அதையேதான் செய்கிறான். ஒருவன் விழுந்ததும் நடுவர்கள் புகுந்து விலக்கிவிடுவார்கள், அத்தோடு முடிந்தது. ஆக, அடித்துக்கொள்ளும் நேரம் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் விழாமல் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய சண்டைப் பதிவு ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒத்திகை பார்க்காத ஜோடி நடனம் போல இருக்கும்.

1992 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டை டோமியும் பாப் புரோபெர்ட்டும் அப்படித்தான் மோதினார்கள். புரோபெர்ட்டுக்கு ரத்தம் வந்தது. சாம்பியன் பட்டம் கட்டிக்கொள்வதுபோல டோமி தன் இடுப்பைச் சுற்றிச் சைகை காட்டினார். டிசம்பரில் அதே அரங்கில் மறு மோதல். இருவருமே ‘என்ஃபோர்சர்’கள், அதாவது அணியின் அடியாட்கள். தேசிய ஹாக்கி லீகின் வழக்கமான பருவ ஆட்டங்களில் டோமி வாங்கிய தண்டனை நிமிடங்கள் (தவறுக்காகக் களத்துக்கு வெளியே உட்காரும் நேரம்) 3,515, புரோபெர்ட் வாங்கியவை 3,300.

2009 அக்டோபரில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி ‘பேட்டில் ஆஃப் தி பிளேட்ஸ்’ என்ற போட்டியைத் தொடங்கியது. எட்டு ஹாக்கி வீரர்கள், எட்டு ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனைகள், எட்டு ஜோடிகள். அதே டோமியும் அதே புரோபெர்ட்டும் அதில் இருந்தார்கள். இடம், 1931 முதல் 1999 வரை டொரண்டோ அணி ஆடிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். முரடர்களுக்கு மினுமினுப்புச் சட்டை மாட்டி வேடிக்கை காட்டுகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த நினைப்பு முழுக்கத் தவறும் இல்லை, தொலைக்காட்சி தொலைக்காட்சிதானே. ஆனால் நிகழ்ச்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான சாண்ட்ரா பெசிக், தன் சகோதரருடன் ஜோடியாகச் சறுக்கிக் கனடாவின் சாம்பியன் ஆனவர். வேடிக்கைக்குள் எதை ஒளித்து வைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் சிக்கல் காலில். ஃபிகர் ஸ்கேட்டின் கத்தி நுனியில் ரம்பம் மாதிரிச் சிறு பற்கள் உண்டு. ஹாக்கி ஸ்கேட்டில் அவை கிடையாது. முன்பக்கம் சாய்ந்து பாய்வது ஹாக்கிக்காரருக்கு மூச்சு விடுவதுபோல. அந்தப் பழக்கத்தில் சாய்ந்தால் பற்கள் பனியில் குத்திக்கொள்ளும், ஆள் முகம் குப்புற விழுவார். சறுக்கவே தெரியாதவனுக்கு இந்தத் தொல்லை குறைவு என்று நினைக்கிறேன். முப்பது வருடம் சறுக்கியவரைத்தான் அந்தப் பற்கள் தேடி வந்து கவிழ்க்கின்றன.

கால் பழகிவிடும். கைதான் சங்கதி.

பிள்ளைக்கு சைக்கிள் பழக்கும் அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார். விழுந்தால் சிராய்ப்பது பிள்ளையின் முழங்கால். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. நாம் பார்த்த வாத்தியார்கள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான், ஒரு கால் கரையில் இருக்கும். இங்கே கதை தலைகீழ். பார்பரா அண்டர்ஹில் 1984-இன் உலகச் சாம்பியன், ஜேமி சாலே 2002 ஒலிம்பிக் தங்கம். அப்படிப்பட்டவர்கள், நேற்றுப் பழக ஆரம்பித்த மாணவனின் கைமேல் ஏறித் தலைக்கு மேலே போகிறார்கள். ஹெல்மெட் இல்லை, தோள்கவசம் இல்லை. மாணவனின் கால் ஒரு அங்குலம் பிசகினால் பனியில் மோதுவது ஆசிரியரின் தலை.

அவன் தேறிய பிறகு ஏறலாமே என்றால், ஏறாமல் அவன் தேறவே முடியாது. மூட்டையைத் தூக்கிப் பழகியவனுக்கு மூட்டையைத் தூக்கத்தான் வரும். மேலே இருக்கும் உயிரின் அசைவு, அதன் பயம், அது மூச்சை இழுக்கும் கணம், இவையெல்லாம் கைக்கு எட்டினால்தான் கை கற்கும். நம்பிக்கையைக் கூலி மாதிரி, வேலை முடிந்தபின் எண்ணிக் கொடுப்பதாகவே நாம் வைத்திருக்கிறோம். அந்தப் பெண்கள் அதை முன்பணமாகக் கொடுத்தார்கள். அந்தக் கடன் தோளில் ஏறியதால்தான் முரட்டுக் கை பதமானது. பதமான பிறகு யாரும் ஏறவில்லை.

அந்த இலையுதிர்காலம்தான் புரோபெர்ட்டுக்குக் கடைசி. 2010 ஜூலையில், செயின்ட் கிளேர் ஏரியில் குடும்பத்தோடு படகில் போனபோது மாரடைப்பு. வயது 45. மறு ஆண்டு, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் மூளையில் சிடிஇ என்னும் சிதைவு இருந்ததைச் சொன்னார்கள்; தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களிடம் காணப்படுவது அது. எத்தனையோ சட்டைகளைப் பிடித்த அந்தக் கை, ஒரு பருவம் மட்டும் ஒருத்தியைத் தாங்கப் பழகியது. நாடு அதையும் பார்த்தது.

நிகழ்ச்சியின் இரண்டாம் ஆண்டில் எகடெரினா கோர்டியேவா வந்தார். செர்கெய் கிரின்கோவுடன் சிறுமியாக இருந்தபோதே ஜோடி சேர்ந்தவர். 1988-இலும் 1994-இலும் இருவருக்கும் ஒலிம்பிக் தங்கம், இடையில் திருமணம். 1995 நவம்பரில் லேக் பிளாசிடில் பயிற்சியின்போது, தூக்குவதற்காகத் தன் இடுப்பைச் சுற்றி வரவேண்டிய கணவரின் கைகள் வரவில்லை என்று கோர்டியேவா பின்னர் எழுதினார். முதுகுவலி என்று நினைத்தாராம். கிரின்கோவுக்கு 28 வயது. பனியில் சரிந்தவர் பிழைக்கவில்லை. அதன்பின் கோர்டியேவா பெரும்பாலும் தனியாகவே சறுக்கினார்.

2010-இல் அவருக்கு ஜோடியாக வாய்த்தவர் முன்னாள் ஹாக்கி வீரர் வலேரி புரே. அந்த ஆண்டு வென்றது அவர்கள்தான். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அவர்களது முதல் பயிற்சி நாளை. ஜோடிச் சறுக்கலே அறியாத ஒருவர் பின்னாலிருந்து நெருங்குகிறார். கோர்டியேவா திரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. இடுப்பருகே கைகள் வந்து சேரும்வரை எத்தனை நேரம் ஆகியிருக்கும், அரை நொடி?