யாருடைய பத்து நிமிஷம்?

ஏற்காடு மலையில் மாரமங்கலத்தில் என் நண்பர் ஒருவர் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். எழுதுவதற்கென்று போனவன் எழுதவில்லை; காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அந்த மலையிலே உட்கார்ந்துகொண்டு காப்பியை மறுப்பது நன்றி கெட்ட செயல் அல்லவா?

காப்பியும் கையுமாக இருந்த ஒரு மாலையில்தான் நண்பரின் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளும் தோழர்களும் அத்துறையினருக்காக ஒரு மாநாடு கூட்டுகிறார்கள். தொடக்க உரைக்கு என்னை அழைத்திருந்தாள். ஒரு மாறுதலுக்குக் கதை எழுதுகிறவனும் இருக்கட்டுமே என்று!

"மாமா, காலையும் மாலையும் இருபது நிமிஷம் காப்பிக்கு விடுகிறோம். அது வீணாகத்தானே போகிறது? அதில் புதியவர்கள் இரண்டு மூன்று பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசக் கொடுக்கலாமா?"

யோசனை கெட்டதல்ல. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் பெர்ல் என்னும் கணினி மொழிக்காரர்கள் கூடியபோது, ஆளுக்கு ஐந்தே நிமிஷம் கொடுத்து அதற்கு 'மின்னல் பேச்சு' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கொடுக்க யாரும் துணியாத இளைஞனுக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கத் துணிவார்கள். சொல்ல ஒன்றே ஒன்று உள்ளவனுக்கு அது போதும்.

ஆனாலும் 'வீணாக' என்ற அந்தச் சொல் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

1964 ஜனவரியில் டில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆவது உலக மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்கள் சிலர் தனியே கூடிப் பேசினார்கள். தனிநாயக அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் முன்னின்ற அந்தச் சந்திப்பில்தான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாடு அதன் விளைவு. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கரோ 1983இல் ஒரு வருஷம் பாடுபட்டு ஒரு மாநாடு நடத்தினார். அதில் எல்லாரும் மெச்சியது காப்பி இடைவேளையைத்தானாம்! யாருக்கும் சொந்தமில்லாத நேரம் வெற்று நேரம் ஆகிவிடாது.

நான் இதை அறிந்தது புத்தகத்தில் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் இலக்கியக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். சபை ரசித்தது, நான் ஐம்பது நிமிஷம் பேசினேன். தலைவர் சிரித்துக்கொண்டே இடைவேளையை ரத்து செய்தார். கையில் ஒரு நோட்டுடன் ஓர் இளைஞன் காலை முதல் வாசலோரம் நின்றிருந்தான். இடைவேளையில் என்னோடு பேச வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலும். தூரத்திலிருந்தே கைகூப்பிவிட்டுப் போய்விட்டான். எனக்குக் கைதட்டல் கிடைத்தது. அந்த நோட்டில் என்ன இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுடைய பத்து நிமிஷத்தை என்னுடையதாக எண்ணிச் செலவழித்துவிட்டேன்.

"புதியவர்களுக்கு நேரம் கொடுப்பது தர்மம்தான், அம்மா. ஆனால் தர்மம் செய்கிறவர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரிய பேச்சாளர்களின் நேரத்தில் குறைத்துக் கொடேன்."

"கோபித்துக்கொள்வார்களே!"

"ஆமாம். காப்பி குடிக்கிறவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்றுதானே அவர்கள் நேரத்தில் கை வைக்கப் பார்த்தாய்?"

அவள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "மேடை என்றாலே சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், மாமா. காப்பி நேரத்தில் என்றால் கூசாமல் பேசுவார்கள்."

அதில் நியாயம் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஒரு மூலையில் நின்று பேசட்டும். ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம். கேட்க விருப்பம் உள்ளவர்கள் நெருங்கி நிற்பார்கள். இல்லாதவர்கள் டம்ளரோடு நகர்ந்து போவார்கள். ஒலிபெருக்கி வந்துவிட்டால் நகர்ந்து போக இடம் ஏது? போக முடியாதவனிடம் பேசுவது பேச்சு அல்ல, தண்டனை.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிகழ்ச்சி நிரலைத் திறந்தாள். முதல் வரியில் என் பெயர் இருந்தது. எதிரே நாற்பது நிமிஷம். அவள் என்னைப் பார்த்தாள். உபதேசம் செய்கிறவனுக்கு வருகிற சோதனை இது. நாற்பது நிமிஷத்துக்கும் பேச்சு மனத்தில் தயாராக இருந்தது, நல்ல பேச்சும்கூட.

"இருபத்தைந்து என்று போடு. மிச்சம் பதினைந்தை மூன்று பேருக்குக் கொடு" என்றேன்.

சொல்லும்போது சற்று வலித்தது. வலித்ததால்தான் அந்தப் பதினைந்து நிமிஷம் என்னுடையதாக இருந்தது என்று தெரிந்துகொண்டேன்.