சரிபார்க்க முடியாதவர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளை கிளம்புவதற்கு முன் மூன்று பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விசா அதிகாரிக்கு: படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவேன். வங்கி மேலாளருக்கு: படிப்பு முடிந்ததும் நல்ல சம்பளத்தில் சேர்ந்து கடனை அடைத்துவிடுவேன். அம்மாவுக்கு: ரெண்டே வருஷம்மா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும்.

மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றிலும் தப்பில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சங்கடம். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாகச் சொத்து அடமானம் கேட்கும். அப்பா உடன்கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை ஆரம்பித்துவிடும். யூரோவில் செலவழித்த அந்தத் தொகையை பாண்டிச்சேரிச் சம்பளத்தில் அடைப்பது எப்படி என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. ஆக, வங்கிக்குச் சொன்னது நடக்க வேண்டுமென்றால் விசா அதிகாரிக்குச் சொன்னது நடக்கக் கூடாது. அம்மாவுக்குச் சொன்னது என்ன ஆகும் என்பது இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது.

நான் முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். கூடவே, படிக்கப் போகிறவர்களின் நோக்கக் கடிதங்களைத் திருத்தியும் கொடுக்கிறேன். அந்தக் கடிதங்களுக்கென்று ஒரு ஊர்வழக்கே உருவாகிவிட்டது. 'சிறு வயதிலிருந்தே பிரெஞ்சுப் பண்பாட்டின் மீது எனக்கு ஆழ்ந்த ஈடுபாடு' என்று ஆரம்பிக்காத கடிதம் அபூர்வம். எழுதுகிற பிள்ளை லாஸ்பேட்டையில் பிறந்து வளர்ந்திருக்கும்; மஞ்சள் சுவர்த் தெருக்களுக்குப் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போற வழியில்தான். அது பெரிய பொய் இல்லை, கல்யாணப் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான' என்று போடுவது மாதிரி. கடைசிப் பத்தியில்தான் பேனா நிற்கும். படிப்புக்குப் பிறகு என்ன திட்டம்?

போன வருஷம் ஒரு மாணவி அந்தப் பத்தியை நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்தாள். "அக்கா, திரும்பி வருவேன்னு எழுதுறேன். வருவேனான்னு எனக்கே தெரியல. இது பொய்யா?"

சட்டென்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எனக்குப் படவில்லை.

பொய்க்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும். பேருந்து ஆறு மணிக்கு என்று தெரிந்துகொண்டே ஏழு மணிக்கு என்று சொன்னால் பொய். தெரியாத ஒன்றைப் பற்றிச் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இருபத்தொரு வயதில் இருப்பவள் இருபத்து நான்கு வயதில் இருக்கப்போகிறவளின் சார்பாகக் கையெழுத்துப் போடுகிறாள். அந்த இருபத்து நான்கு வயதுக்காரியை இவள் இன்னும் சந்திக்கவே இல்லை. இன்றைக்கு எனக்கு அப்படி ஒரு எண்ணம் உண்டு என்ற அளவில் எழுதினால் அது உண்மைதான். வங்கிக் கணக்கு விஷயம் வேறு. பிரான்ஸ் மாதத்துக்கு 615 யூரோ என்று கணக்கிட்டு, ஒரு வருஷத்துக்கு 7,380 யூரோ கையில் இருப்பதாகக் காட்டச் சொல்கிறது. பதினைந்து நாளைக்கு வட்டிக்கு வாங்கி 'பேலன்ஸ் காட்டி'விட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்களே, அது நாளையைப் பற்றிய பேச்சு இல்லை. இன்றைக்கு இல்லாததை இருக்கிறது என்று சொல்வது. பொய்தான் அது.

ஆனால் கேட்கிறவர்களும் நேராகக் கேட்பதில்லை. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், விசா கேட்டு வருகிறவர் குடியேறத்தான் வருகிறார் என்று முதலிலேயே வைத்துக்கொள்கிறது; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மாணவர் பொறுப்பு. சொந்த நாட்டு வீட்டைக் கைவிடும் எண்ணமே இல்லை என்று காட்ட வேண்டும். அதே நாடு, அறிவியல், பொறியியல் படித்து முடித்தவர்களுக்கு மூன்று வருஷம் வரை அங்கேயே வேலை பார்க்க வழி வைத்திருக்கிறது. பிரான்ஸ் 2030க்குள் முப்பதாயிரம் இந்திய மாணவர்கள் வேண்டும் என்று 2023இல் அறிவித்தது. முதுகலை முடித்தவர்கள் இரண்டு வருஷம் தங்கி வேலை தேடலாம். முன்வாசலில் 'திரும்பிப் போவேன் என்று சொல்', பின்கட்டில் 'இருந்துவிட்டுப் போயேன்'. இந்த விளையாட்டின் விதியைப் பிள்ளைகள் எழுதவில்லை.

இன்னொரு நெருடலும் உண்டு. அது எங்கள் ஊருக்கே உரியது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டில். அதன்பின் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குடியுரிமையைப் பெரும்பாலும் தந்தையின் கையெழுத்தே தீர்மானித்தது. அன்றைக்குத் தாத்தா கையெழுத்துப் போட்ட வீட்டுப் பேரன், இன்றைக்குப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறான். ஏன் போகிறாய், எப்போது வருவாய் என்று அவனை யாரும் கேட்பதில்லை. அடுத்த வீட்டுப் பேத்தி நான்கு முறை அடித்து எழுதுகிறாள். அவள் தாத்தா அந்த ஆறு மாதத்தில் வேறு வேலையாக இருந்திருப்பார், அல்லது இந்த மண்ணின் ஆளாகவே இருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

இன்னும் பின்னால் போனால் 1881. இந்து, முஸ்லிம் தனிச்சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்று ஓர் ஆணை வந்தது. துறந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அதற்காகப் பாடுபட்டவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். துறந்தவர்களில் சாதியின் பிடியிலிருந்து வெளியேற நினைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பிரெஞ்சுப் பண்பாட்டின் மீது ஆழ்ந்த ஈடுபாடு இருந்ததா என்று அந்தத் தாள் கேட்கவில்லை. பெயரைக் கேட்டது, கையெழுத்தைக் கேட்டது. மனசைக் கேட்கிற வழக்கம் நம் காலத்தில் வந்தது.

சரி, கேள்வி நியாயமில்லாததென்றால் பதிலும் நியாயமாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடலாமா?

இந்தச் சண்டை பழையது. 1797இல் பெஞ்சமின் கோன்ஸ்தான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், உண்மையைக் கேட்கும் உரிமை உள்ளவருக்குத்தான் நாம் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றார். ஒளிந்திருக்கும் நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. அதே வருஷம் காண்ட், அவனிடமும் பொய் சொல்லக் கூடாது என்று மறுத்தார். வள்ளுவரோ வாய்மையைப் பற்றிப் பேசுகிற அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்கிறார். நம் பிள்ளைகளுக்கு கோன்ஸ்தானும் வள்ளுவரும் வசதியாக இருப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவருமே பொய்யை அனுமதிப்பது அடுத்தவரைத் தீங்கிலிருந்து காப்பதற்கோ, நன்மை செய்வதற்கோதான். என் விசாவுக்காக என்பது அந்தப் பட்டியலில் தானாக வந்துவிடாது.

எனக்குப் படுவது வேறு. யாருக்கு உண்மை கேட்க உரிமை உண்டு என்பதைவிட, நாம் சொல்வதைச் சரிபார்க்க யாருக்கு வழியில்லை என்று கேட்டுப் பார்க்கலாம். விசா அதிகாரி சரிபார்ப்பார். சான்றிதழ், நேர்காணல், ஆறு மாத வங்கி அறிக்கை எல்லாம் அவரிடம் உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு முத்திரையில் முடித்துவிடுவார். வங்கியிடம் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. நீங்கள் வராவிட்டாலும் வீடு எங்கும் போகாது. அம்மாவிடம் என்ன இருக்கிறது? நேர்காணல் வைக்க அவருக்குத் தெரியாது. நிராகரிக்க முத்திரையும் இல்லை. ரெண்டு வருஷம் என்று நீங்கள் சொன்ன சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மாடிப் படிக்கட்டைக் கட்டலாமா, தங்கச்சிக்கு எப்போது வரன் பார்க்கலாம், முழங்கால் அறுவையை அதுவரை தள்ளிப்போடலாமா என்று முடிவெடுப்பார். உங்கள் சொல்லின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவது அவர் ஒருவர்தான்.

ஆனால் நாம் செய்வது தலைகீழ். சரிபார்க்கக்கூடியவர்களுக்குச் சான்றொப்பம் வாங்கிய உண்மையைக் கொடுக்கிறோம். சரிபார்க்க முடியாதவருக்கு ஆறுதலைக் கொடுக்கிறோம். பாசத்தால்தான் அப்படிச் செய்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் பாசத்தால் சொன்ன தேதியை நம்பி ஒருவர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும்போது, அந்தச் சொல்லுக்கு விலை கொடுப்பது சொன்னவர் இல்லை.

அந்த மாணவியிடம் கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். மூணு பேரையும் ஒரே ரூம்ல உட்கார வச்சு, மூணு பேருக்கும் சொன்னதைச் சத்தமா படிக்க முடியுமான்னு யோசி. விசா கடிதத்தில் அவள் படிப்பைப் பயன்படுத்தக்கூடிய வேலைகளை எழுதினாள், இங்கே இருப்பதையும் அங்கே இருப்பதையும். திரும்பி வருவதே இன்றைய எண்ணம் என்று ஒரு வரி. சத்தியம் எதுவும் இல்லை. வங்கிக்கான தாளில் இங்குள்ள சம்பளத்தில் எத்தனை வருஷம் ஆகும் என்ற கணக்கையும் சேர்த்தாள். கூட்டிப் பார்த்ததும் அவளே கேட்ட தொகையைக் குறைத்துக்கொண்டாள். கட்டணம் குறைவான பல்கலைக்கழகத்துக்கு மாறினாள்.

அம்மாவிடம் பேசத்தான் அவளுக்கு ஒரு வாரம் ஆனது. "எப்ப வருவேன்னு தெரியலம்மா. அதை நம்பி எதையும் தள்ளிப்போடாதே." இதைச் சொல்லிவிட்டு ராத்திரி பூராவும் தூங்கவில்லை என்றாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ் என்று கேட்டாராம்.

போவது சரியா, தப்பா என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. அது அவரவர் பாடு. கடலைப் பார்த்தபடி இருக்கிற இந்த ஊரிலிருந்து நூற்றாண்டுகளாக யாராவது கப்பலேறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சைகோனுக்குப் போனார்கள், ரீயூனியனுக்குப் போனார்கள், பாரிஸுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. வராததற்காக அவர்களை ஊர் பெரிதாகக் கோபித்துக்கொண்டதில்லை. எப்போது வருவார் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வருஷங்கள்தான் எந்தக் கணக்கிலும் வராமல் போய்விட்டன.