மந்தைக்கு வாரிசு யார்?

தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவன் மந்தையை விற்றுவிட்டால், குலத்தின் பெயரைக் கெடுத்தான் என்று ஊர் தூற்றுகிறது. அந்தப் பழி நியாயந்தானா?

காங்கேயம் மாட்டினத்தைச் சீராக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்களுள் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் கால்நடை நூல்களிலும் ஏறியது. அவர்கள் செய்தது பொறுமையான வேலை. கன்று செந்நிறமாகப் பிறக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்ளும். அது நல்ல பொலிகாளையா என்பதை அதன் கன்றுகள் வளர்ந்துதான் சொல்லவேண்டும். அதற்குள் வளர்ப்பவனின் தலை நரைக்கத் தொடங்கிவிடும். கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொறங்காட்டைப் பகுதி பகுதியாக மாற்றி மேய்த்துக் காத்ததும், தான் காணப்போகாத கன்றுகளுக்காகத்தான்.

ஆனால் அந்தப் பொறுமைக்குச் சோறு போட்டவர்கள் வெளியே இருந்தார்கள். ஏர் உழவும், கவலை இறைக்கவும், பாரவண்டி இழுக்கவும் காளை தேடியவர்கள் கண்ணபுரம் சந்தைக்கு வந்தார்கள். மின்சாரப் பம்புசெட்டும் டிராக்டரும் லாரியும் வந்தபின் அந்தத் தேவை வற்றியது. முதலில் காளையைக் கைவிட்டவர்கள் வாங்கியவர்கள். பழியோ வளர்த்தவன் மகன்மேல்!

நான் வாழும் ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தால், இதே வழக்கு தறியின் பெயரால் நடக்கிறது. நெசவாளி மகன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் போனால், ‘கலை அழிகிறதே!’ என்று பெருமூச்சு விடுகிறவர், தம் வீட்டுக் கல்யாணத்துக்கு விசைத்தறிச் சேலையைத்தான் எடுக்கிறார்.

2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டம் ஜல்லிக்கட்டோடு நாட்டு மாட்டுக்காகவும் குரல் கொடுத்தது. சட்டம் திருந்தியது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நல்லதுதான். ஆயினும் விடியுமுன் எழுந்து சாணம் அள்ளுகிறவன், கூட்டம் கலைந்த பிறகும் தனியாள்தானே?

மகனுக்குக் கடமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விற்கத்தான் வேண்டுமென்றால், நல்ல பசுவை அடிமாட்டு வியாபாரியிடம் தள்ளாமல் வளர்ப்பவன் கையில் சேர்ப்பதும், தந்தையிடம் கற்றதை அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவன் பட்ட கடன். அதற்கு மேலும் அவனைக் கேட்க வேண்டுமானால், கேட்பவர் ஒரு படி பாலுக்காவது உரிய விலை தரட்டும். சொத்து ஒரு வீட்டுக்கு உரியது. மரபு ஊருக்கே உரியது என்கிறோம். அப்படியானால் அதன் தீவனச் செலவிலும் ஊருக்குப் பங்குண்டு.